சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன்ல தொலையாம போய் வர்றது எப்படி

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், சென்னை சென்ட்ரல் மெட்ரோல ரயில் ஏறுறதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல, அந்த ரயில் நிக்கற இடம் வரைக்கும் நடந்து போறதும், இறங்கினப்புறம் சரியான வாசல் வழியா வெளிய வர்றதும்தான் வேலையே. ஏசி நல்லா இருக்கும், வண்டி டைமுக்கு வரும், அதுல யாருக்கும் பெரிய குறை இல்ல, ஆனா முதல் தடவை வர்றவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, "ரயில்ல அஞ்சு நிமிஷம், சுத்தினது இருபது நிமிஷம்"னுதான் சொல்லுவாங்க. அந்த இருபத எப்படி குறைக்கறதுன்னுதான் இது.

இடம் ரொம்பப் பெருசு, அத முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. 70,000 சதுர மீட்டர்னு கணக்கு சொல்றாங்க, சென்னை மெட்ரோலயே பெரிய ஸ்டேஷன் இதான். ப்ளூ லைனும் க்ரீன் லைனும் இங்கதான் ஒண்ண ஒண்ணு சந்திக்குது, ரெண்டும் பூமிக்கு அடியில, அதுவும் ஒரே தளத்துல இல்ல, ஒண்ணுக்கு கீழ ஒண்ணு. 2018 மே மாசம் க்ரீன் லைன் நேரு பார்க்ல இருந்து சென்ட்ரல் வரைக்கும் வந்துச்சு, 2019 பிப்ரவரில ப்ளூ லைன் டிஎம்எஸ்ல இருந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் திறந்தப்பதான் இது ஜங்ஷனாவே ஆச்சு. போர்டுல "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ"ன்னு நீளமா இருக்கும், பயப்படாதீங்க, எல்லாரும் சொல்றது சென்ட்ரல் மெட்ரோதான்.

கீழ இறங்கறதுக்கு முன்னாடி

வெளிய நின்னு ரெண்டே ரெண்டு விஷயம் முடிவு பண்ணிட்டு இறங்குங்க, எந்த லைன், எந்த டிக்கெட். இத கீழ போய் எஸ்கலேட்டர் முன்னாடி நின்னு போன நோண்டிக்கிட்டே யோசிச்சீங்கன்னா பின்னாடி வர்றவன் பெட்டி உங்க கால்ல ஏறும், அவன் மேல தப்பு சொல்லவும் முடியாது.

லைன் விஷயத்த எளிமையா சொல்றேன். ப்ளூ லைன் வடக்கு தெற்கா ஓடுது, ஒரு பக்கம் விம்கோ நகர் டெப்போ, இன்னொரு பக்கம் ஏர்போர்ட், நடுவுல சென்ட்ரல். க்ரீன் லைன் சென்ட்ரல்லதான் ஆரம்பிக்குது, எழும்பூர், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர்னு ஒரு சுத்து சுத்தி ஆலந்தூர் வழியா பரங்கிமலைல முடியும். அதனால க்ரீன்ல ஏறும்போது திசை பத்தி கவலையே வேண்டாம், இங்க இருந்து கிளம்புற வண்டி எல்லாமே ஒரே பக்கம்தான் போகும். ப்ளூலதான் திசை பாக்கணும். பாரிமுனை, மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போறவங்க விம்கோ நகர் பக்கம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி, ஏர்போர்ட் போறவங்க ஏர்போர்ட் பக்கம். இத மாத்தி ஏறினவங்கள தினம் பாக்கலாம், கதவு மூடினதும் "அடுத்த நிலையம் உயர்நீதிமன்றம்"னு குரல் வந்தவுடனே மூஞ்சி மாறும். ஒண்ணும் ஆகிடல, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி எதிர் பக்க வண்டி ஏறுங்க, ஆனா டிக்கெட் காட்டற கேட்ட தாண்டி வெளிய போயிடாதீங்க, போனா அந்த டிக்கெட்டோட கதை முடிஞ்சது.

ஆலந்தூருக்கு மட்டும் ரெண்டு லைன்லயும் போலாம், அங்கயும் ரெண்டும் சந்திக்குது. அதனாலயே ஒரு குழப்பம். ஆலந்தூர், மீனம்பாக்கம், ஏர்போர்ட்டுன்னா ப்ளூலயே போங்க, அதான் நேர் வழி. க்ரீன்ல போனா கோயம்பேடு, வடபழனி எல்லாம் சுத்திக் காட்டிட்டுதான் கொண்டு போய் விடுவான். சில நேரம் க்ரீன் லைன்லயே கோயம்பேடு வழியா நேரா ஏர்போர்ட் போற வண்டியும் விடுவாங்க, அதுல "ஏர்போர்ட்"னு போட்டிருக்கேன்னு ஓடிப்போய் ஏறாதீங்க, சென்ட்ரல்ல நிக்கறவனுக்கு அந்த வண்டி சுத்து வழி.

இன்னொண்ணு, கூட்ட நேரத்துல ப்ளூ லைன்ல வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவுல மட்டும் ஓடுற வண்டியும் கலந்து வரும். அந்தப் பகுதில கூட்டம் ஜாஸ்திங்கறதால அப்படி. ஃப்ளைட் பிடிக்கப் போறவங்களும் திருவொற்றியூர் போறவங்களும் பிளாட்பாரத்துல தொங்கற டிவில கடைசி ஸ்டேஷன் பேர பாத்துட்டு ஏறுங்க. தெரியாம ஏறிட்டீங்கன்னாலும் கடைசில இறங்கி அதே பிளாட்பாரத்துல அடுத்த வண்டிக்கு நின்னா போதும், ஆனா ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுன்னு கைல உயிர பிடிச்சுக்கிட்டு இருக்கறப்ப அந்த கொஞ்ச நேரம்கூட பெருசா தெரியும்.

டிக்கெட் எடுக்கறது

குறைஞ்ச கட்டணம் 10 ரூபா, அதிகபட்சம் 50 ரூபா. ஆரம்பத்துல 70 வரைக்கும் இருந்துச்சு, 2021 பிப்ரவரில குறைச்சாங்க. எடுக்கற வழி நிறைய இருக்கு, அதுல சென்ட்ரலுக்கு எது சரிப்படும்னு சொல்றேன்.

எப்பவாவது வர்ற ஆளுன்னா போன்ல கியூஆர் டிக்கெட் எடுத்துடுங்க. மெட்ரோவோட ஆப் இருக்கு, அத இறக்க சோம்பலா இருந்தா வாட்ஸ்அப்ல 83000 86000 நம்பருக்கு ஹாய்னு போட்டா அதுவே கேள்வி கேட்டு, எங்க இருந்து எங்கன்னு வாங்கி, யுபிஐல காசு கட்டவெச்சு கியூஆர அனுப்பிடும். 2025 செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப்லயும் எடுக்கலாம், அதுல மாநகர பஸ், லோக்கல் ட்ரெயின் டிக்கெட்டும் சேர்ந்தே இருக்கு. போன்ல எடுக்கற கியூஆருக்கும் கார்டுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு, கவுண்டர்ல பேப்பர் வாங்கினா அது கிடையாது. முக்கியமானது, இத மேல ரோட்டுல நிக்கும்போதே, இல்ல ஊர்ல இருந்து வர்ற ட்ரெயின் பேசின் பிரிட்ஜ் கிட்ட வழக்கம்போல நின்னு யோசிக்குமே, அப்பவே எடுத்து வெச்சுடுங்க. கீழ போனப்புறம் சிக்னல் சில இடத்துல இழுக்கும், காசு போயிடுச்சு டிக்கெட் வரலன்னு நிக்கறத விட ரெண்டு நிமிஷம் முன்னாடியே முடிக்கறது நல்லது. ரொம்ப முன்னாடியே எடுத்து ராத்திரிக்கு வெச்சுக்கலாம்னும் நினைக்காதீங்க, டிக்கெட்டுக்கு நேரக் கெடு உண்டு.

அடிக்கடி வர்றவங்கன்னா சிங்கார சென்னை கார்டு வாங்கிடுங்க. முன்னாடி மெட்ரோவுக்குன்னே ஒரு டிராவல் கார்டு இருந்துச்சு, அத நிறுத்திட்டு எல்லாரையும் இதுக்கு மாத்தி விட்டுட்டாங்க. 2025 ஜனவரில இருந்து இத மாநகர பஸ்லயும் தட்டலாம். கேட்டுல கார்ட தட்டிட்டு போய்க்கிட்டே இருக்கறதுக்கும், போன்ல வெளிச்சத்த ஏத்தி கியூஆர் தெரியுதா தெரியுதான்னு கண்ணாடி மேல தேய்க்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, காலைல ஒன்பது மணிக்கு பின்னாடி பத்து பேர் நிக்கும்போது அது நல்லாவே தெரியும்.

போனும் வேண்டாம் கார்டும் வேண்டாம்னா கவுண்டரும் மெஷினும் இருக்கு. அப்பாம்மா தனியா வர்றாங்கன்னா கவுண்டர்தான் சரி, எங்க போகணும்னு வாயத் தொறந்து சொன்னா பேப்பர்ல கியூஆர் அச்சடிச்சு குடுத்துடுவாங்க. அந்தப் பேப்பர மட்டும் கசக்கி பாக்கெட்ல போட வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க, வெளிய வர்றப்பவும் காட்டணும். சின்னக் குழந்தைங்க 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு கீழன்னா டிக்கெட் தேவையில்ல.

உள்ள போறது

சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தா ஆட்டோக்காரங்க "எங்க சார், எங்க மேடம், வாங்க"ன்னு சுத்தி நிப்பாங்க. பதில் சொல்லாம நடங்க, மெட்ரோ வாசல் அங்கயே முன்னாடி தெரியும், பெரிய மெட்ரோ லோகோ இருக்கும். வாசல்ல முதல்ல நாலு படி மேல ஏறணும், அப்புறம்தான் கீழ இறங்கணும், இது என்ன கோமாளித்தனம்னு பெட்டி தூக்கறவங்களுக்கு தோணும். மழைத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதான் வாசல ரோட்டு மட்டத்த விட ஒசத்திக் கட்டியிருக்காங்க, சென்னைல டிசம்பர் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க இத குறை சொல்ல மாட்டாங்க. படி ஏற முடியாதவங்க லிஃப்ட் போர்ட தேடுங்க, சாய்வுப் பாதையும் இருக்கும்.

உள்ள வந்ததும் செக்கிங். பையெல்லாம் எக்ஸ்ரே மெஷின்ல போடணும், நீங்க அந்த மெட்டல் டிடெக்டர் வழியா வரணும், ஆம்பளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் தனித்தனி வரிசை. கோயமுத்தூர், பெங்களூர் ராத்திரி வண்டிங்க வந்து சேர்ற விடியக்காலைல இந்த இடத்துல திடீர்னு கூட்டம் சேரும், எல்லார் கிட்டயும் பெட்டி, எல்லாம் மெஷின்ல போய் வரணும். அந்த நேரத்துல பத்து நிமிஷம் இங்கயே போயிடும்னு கணக்குல வெச்சுக்கோங்க. தண்ணி பாட்டில், லேப்டாப் எல்லாம் பிரச்சனை இல்ல. பையில கத்தி, அரிவாள்மனை மாதிரி ஏதாவது வெச்சு ஊர்ல இருந்து கொண்டு வர்றவங்க இருக்காங்க, அம்மாக்கள் குறிப்பா, அத எடுத்து வெளிய வைக்கச் சொல்லுவாங்க, வாக்குவாதம் பண்ணி பிரயோஜனம் இல்ல. நாய் பூனை கூட்டிட்டு வர முடியாது.

அப்புறம் கேட். சின்ன கேட்டெல்லாம் ஒரு ஆளு போற அகலம்தான். பெரிய பெட்டி, குழந்தை வண்டி, வீல்சேர் இருந்தா ஓரத்துல அகலமான கேட் ஒண்ணு இருக்கும், அதுல வாங்க. தட்டினதும் கதவு திறக்கும், உடனே போயிடணும், பெட்டிய முன்னாடி தள்ளிட்டு நீங்க பின்னாடி போங்க. பெட்டிய பின்னாடி இழுத்துட்டு போனா நீங்க அந்தப் பக்கம் பெட்டி இந்தப் பக்கம்னு கதவு மூடிக்கும், அப்புறம் கேட்ல நிக்கற ஸ்டாஃப் வந்துதான் காப்பாத்தணும். ஒரு டிக்கெட்ல ஒட்டிக்கிட்டு ரெண்டு பேர் போற வேலையும் வேண்டாம்.

கேட் தாண்டினதும் மேல பாருங்க, கீழ பாக்காதீங்க. நீல போர்டு ஒரு பக்கம், பச்ச போர்டு ஒரு பக்கம். இங்க நிறைய பேர் பண்றது என்னன்னா முன்னாடி போற கூட்டத்து பின்னாடியே போறது, கல்யாண வீட்டுல பந்திக்குப் போற மாதிரி. அந்தக் கூட்டம் எழும்பூருக்கு போகுதா ஏர்போர்ட்டுக்கு போகுதான்னு உங்களுக்கு என்ன தெரியும். கலர பாருங்க, பேர படிங்க, எஸ்கலேட்டர்ல கால வைங்க. எஸ்கலேட்டர்ல இடது பக்கமா நின்னா அவசரத்துல போறவங்க வலது பக்கமா போவாங்கன்னு ஒரு பழக்கம் இருந்தா நல்லா இருக்கும், நம்ம ஊர்ல குடும்பமா கைகோத்துக்கிட்டு நாலு பேர் குறுக்கால நிக்கறதுதான் பழக்கம், அத மாத்த எனக்கு வழி தெரியல.

பிளாட்பாரமும் வண்டியும்

சுரங்க ஸ்டேஷன் எல்லாத்துலயும் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல கண்ணாடிச் சுவர் இருக்கும், வண்டி வந்து நின்னதும் அந்தக் கண்ணாடிக் கதவும் வண்டிக் கதவும் ஒண்ணா திறக்கும். ஏசி வெளிய போகாது, யாரும் தண்டவாளத்துல விழவும் முடியாது. கிண்டி, கோயம்பேடு மாதிரி மேல போற ஸ்டேஷன்ல இது இல்ல, அங்க மஞ்சக் கோட்டுக்கு பின்னாடி நிக்கறது உங்க பொறுப்பு. கண்ணாடில சாய்ஞ்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கறவங்கள தினமும் செக்யூரிட்டி விசில் அடிச்சு நகத்துவாரு, அந்த விசில் சத்தம் இல்லாம சென்ட்ரல் மெட்ரோ இல்ல.

கதவு நேரா நிக்காம ரெண்டு ஓரமா நில்லுங்க, இறங்கறவங்க நடுவால வரட்டும். க்ரீன் லைனுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த வண்டி இங்க முடியுது, உள்ள இருக்கறவங்க மொத்த பேரும் இறங்குவாங்க. அதே காரணத்தால க்ரீன்ல ஒரு சொகுசும் இருக்கு, காலி வண்டி, அதுனால கொஞ்சம் பொறுமையா நின்னா உக்கார இடம் கிடைக்கும். ப்ளூல அந்தக் கொடுப்பினை இல்ல, அது நடுவால வர்ற வண்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஏர்போர்ட் பக்கம் போறது நிரம்பிதான் வரும். வண்டி நாலு பெட்டிதான், கூட்ட நேரத்துல ப்ளூல மூணு நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துடும், ஒண்ண விட்டா உலகம் ஒண்ணும் முடிஞ்சிடாது. ராத்திரி பத்துக்கு மேலதான் கால் மணி நேரம் வரைக்கும் நிக்க வேண்டி வரும்.

பொம்பளைங்களுக்குன்னு தனி இடம் ஒதுக்கியிருக்காங்க, முன்னாடி அது கூடுதல் காசு குடுத்து போற ஸ்பெஷல் கிளாஸா இருந்துச்சு, 2020 நவம்பர்ல அத எடுத்துட்டு பெண்கள் பெட்டியா மாத்தினாங்க. நல்ல வேலை, அந்த ஸ்பெஷல் கிளாஸ்ல அப்படி என்ன ஸ்பெஷல்னு யாருக்குமே புரிஞ்சதில்ல. பிளாட்பாரத்துல எங்க நிக்கும்னு எழுதியிருக்கும். தெரியாம அதுல ஏறின ஆம்பளைங்கள அங்க இருக்கறவங்களே பக்குவமா அனுப்பிடுவாங்க, பக்குவமா இல்லாமலும் அனுப்புவாங்க.

உள்ள சாப்பிடக் கூடாது. முறுக்குப் பொட்டலம் பிரிக்கற சத்தம் அந்த அமைதில எட்டு பேருக்கு கேக்கும். ஸ்பீக்கர்ல ரீல்ஸ் ஓடவிடறவங்கள பத்தி நான் எதுவும் சொல்லல.

வெளிய வர்றது, இதான் பெரிய வேலை

இறங்கினதும் எல்லாரும் பக்கத்துல இருக்கற எஸ்கலேட்டர்ல ஏறிடுவாங்க, ஏறி, கேட் தாண்டி, ஏதோ ஒரு வாசல்ல வெளிய வந்து, "நான் எங்கடா இருக்கேன்"னு மேப் திறப்பாங்க. அது தேவையே இல்ல. இந்த இடத்த ஒரே ஒரு ரோட்ட வெச்சு மனசுல வரைஞ்சுக்கோங்க. பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஈவெரா பெரியார் சாலைன்னு போர்டுல இருக்கும். அந்த ரோட்டுக்கு ஒரு பக்கம் சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷன், அத ஒட்டி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், அப்புறம் விக்டோரியா ஹால், வெள்ளையா நிக்கற ரிப்பன் பில்டிங். எதிர் பக்கம் ஜிஎச், அதாவது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அப்புறம் பார்க் ஸ்டேஷன். அவ்வளவுதான். நீங்க போற இடம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. ரோட்ட மேல கடக்கவே கடக்காதீங்க, அடியில சப்வே இருக்கு, அந்த ட்ராஃபிக்ல பெட்டியோட ஓடறதுக்கு நாம என்ன சர்க்கஸ்ல இருக்கமா.

வாசலுக்கு எழுத்தும் நம்பரும் போட்டிருப்பாங்க, அத மனப்பாடம் பண்ண வேண்டாம், கீழ எழுதியிருக்கற இடத்துப் பேர படிங்க. கேட்ட தாண்டறதுக்கு முன்னாடியே போர்டுல பாத்துடுங்க, ஏன்னா தப்பான பக்கம் வெளிய போயிட்டா உள்ள புகுந்து குறுக்கால வர முடியாது, சுத்திதான் வரணும், அந்தச் சுத்து பெட்டியோட பெரிய சுத்து.

ஊருக்குப் போற ட்ரெயின் பிடிக்க வர்றவங்க சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷன்னு போட்டிருக்கற வழில வாங்க. மெட்ரோ பிளாட்பாரத்துல இறங்கினதுல இருந்து உங்க எக்ஸ்பிரஸ் பெட்டி வரைக்கும் குறைஞ்சது இருபது நிமிஷம் வைங்க, வயசானவங்க கூட வந்தா அரை மணி. பெரிய ஸ்டேஷன் உள்ளயும் நடை இருக்குல்ல, உங்க பெட்டி கடைசில இருந்தா அது தனி யாத்திரை. மெட்ரோல போனா சீக்கிரம் போயிடலாம்னு வீட்டுல இருந்து லேட்டா கிளம்பறவங்கதான் கடைசில படில தடதடன்னு ஓடுவாங்க.

லோக்கல் ட்ரெயின்ல மூணு இடம் குழப்பும், அத பிரிச்சு வெச்சுக்கோங்க. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், அந்தப் பக்கம் எண்ணூர், கும்மிடிப்பூண்டி போற லோக்கல் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல இருந்து, அது ரோட்டுக்கு இந்தப் பக்கம். தாம்பரம், செங்கல்பட்டு போற லோக்கல் பார்க் ஸ்டேஷன்ல, அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். வேளச்சேரி போற பறக்கும் ரயில் பார்க் டவுன்ல, அதுவும் அந்தப் பக்கம்தான், ஆனா பார்க் வேற பார்க் டவுன் வேற. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போறவங்களுக்கு பார்க் டவுன். "பார்க்"னு சொன்னா எதுன்னு கேட்டுட்டு நடங்க.

ஜிஎச்சுக்கு வர்றவங்க கூட்டம் காலைல ரொம்ப இருக்கும், வெளியூர்ல இருந்து ரிப்போர்ட் ஃபைல கைல பிடிச்சுக்கிட்டு வருவாங்க. அவங்களுக்கு சொல்றது, மருத்துவமனை பக்கம் போற வழி அடியிலயே இருக்கு, மேல வெயில்ல வர வேண்டாம். நோயாளி நடக்க முடியாதவருன்னா ஸ்டேஷன்ல வீல்சேர் கேளுங்க, கஸ்டமர் கேர் கவுண்டர்ல சொன்னா ஏற்பாடு பண்ணுவாங்க. கேக்கறதுக்கு கூச்சப்பட்டுக்கிட்டு தோள்ல சாய்ச்சு இழுத்துட்டு வர்றவங்கள பாத்தா மனசு கேக்காது.

எந்த இடத்துக்கு மெட்ரோ, எதுக்கு வேண்டாம்

தி.நகர் ஷாப்பிங்னா மெட்ரோல தேனாம்பேட்டை, நந்தனம்னு போய் இறங்கி ஆட்டோ பிடிக்காதீங்க, சப்வேல எதிர் பக்கம் போய் பார்க் ஸ்டேஷன்ல தாம்பரம் வண்டி ஏறினா மாம்பலத்துல இறங்கி ரங்கநாதன் தெருவுலயே கால் வைக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டுன்னா ப்ளூல ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம், அங்க இருந்து நடை. சேப்பாக்கத்துல மேட்ச் பாக்கறதுக்கும் அதே ஸ்டேஷன்தான் பக்கம், மேட்ச் முடிஞ்ச ராத்திரி அங்க நிக்கற கூட்டத்த பாத்தா எதிரணி ஜெயிச்சதா தோத்ததான்னு ஸ்கோர் பாக்காமலே சொல்லிடலாம். பாரிமுனைக்கு உயர்நீதிமன்றம் ஸ்டேஷன், அதுவும் ஒரே ஸ்டாப்.

எழும்பூர் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா வடக்க இருந்து சென்ட்ரல்ல வந்து இறங்கி, மதுரை திருநெல்வேலிக்கு எழும்பூர்ல ஏறுறவங்க ஏராளம். க்ரீன் லைன்ல அடுத்த ஸ்டாப்பே எழும்பூர், 10 ரூபா. வண்டில மூணு நிமிஷம்கூட ஆகாது. ஆனா சென்ட்ரல்ல கீழ இறங்கி, செக்கிங் முடிச்சு, க்ரீன் லைன் பிளாட்பாரத்துக்கு வந்து, அங்க மேல ஏறி வெளிய வரணும், மொத்தத்துல இருபத்தஞ்சு நிமிஷம் முப்பது நிமிஷம் ஆகும். பெட்டி இருந்தா நான் மெட்ரோதான் சொல்லுவேன், எஸ்கலேட்டரும் லிஃப்டும் இருக்கு. ஒரே ஒரு தோள்பைதான்னா பார்க்ல ஏறி எழும்பூர்ல இறங்கறது சல்லிசு. அப்புறம் எழும்பூர்ல வேலை நடக்கறதால சில வண்டிங்கள தாம்பரத்துக்கு மாத்தி விட்டுக்கிட்டே இருக்காங்க, உங்க ட்ரெயின் நிஜமாவே எழும்பூர்ல இருந்துதானான்னு டிக்கெட்ட எடுத்து ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க.

பஸ் விஷயத்துல நிறைய பேர் இன்னும் பழைய கணக்குலயே இருக்காங்க. க்ரீன் லைன்ல புறநகர் பஸ் நிலையம்னு ஒரு ஸ்டேஷன் இருக்கறதால தென் மாவட்டத்துக்கு பஸ் ஏற அங்க போய் நிக்கறாங்க. 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் திறந்தாச்சு, திருச்சி மதுரை பக்கம் போற பஸ்ஸெல்லாம் அங்க இருந்துதான். கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ இல்ல. சென்ட்ரல்ல இருந்து அங்க போக, பார்க் ஸ்டேஷன்ல செங்கல்பட்டு லோக்கல் பிடிச்சு வண்டலூர்ல இறங்கி அங்க இருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பாருங்க, இல்ல மெட்ரோல ஏர்போர்ட் வரைக்கும் போய் ஜிஎஸ்டி ரோட்டுல பஸ் ஏறுங்க. பெட்டி கம்மின்னா முதல் வழி, ஜாஸ்தின்னா ரெண்டாவது.

ஏர்போர்ட்டுக்கு ப்ளூ லைன்ல முக்கால் மணி நேரம்னு வெச்சுக்கோங்க. சைதாப்பேட்டை தாண்டினதும் வண்டி சுரங்கத்துல இருந்து மேல வந்துடும், திடீர்னு வெளிச்சம், குழந்தைங்க எல்லாம் ஜன்னல்ல ஒட்டிக்கும். விமான நிலைய ஸ்டேஷன்ல இறங்கினப்புறமும் டெர்மினல் வரைக்கும் நடை இருக்கு, உள்நாடும் வெளிநாடும் வேற வேற பக்கம், அதுக்கும் பத்து நிமிஷம் ஒதுக்கிடுங்க.

மிச்சம் இருக்கறது

காலை 5 மணில இருந்து ராத்திரி 11 மணி வரைக்கும் ஓடுது, ஆனா 11 மணிங்கறது கடைசி வண்டி கிளம்புற கணக்கு, நீங்க 10.55க்கு வாசல்ல வந்து நின்னா செக்கிங் தாண்டி கீழ வர்றதுக்குள்ள அது போயிடலாம். ராத்திரி லேட்டா வந்து சேர்ற எக்ஸ்பிரஸ்ல வர்றவங்க 10.30க்கு மேல ஆகும்னா மெட்ரோவ நம்பாதீங்க, மாத்து வழி யோசிச்சு வைங்க. அதே மாதிரி விடியக்காலை 4 மணிக்கே வந்து இறங்கினா வெளிய கொசுக்கடில நிக்காதீங்க, சென்ட்ரல் வெயிட்டிங் ஹால்ல உக்காந்து ஒரு காபி குடிச்சிட்டு 5 மணிக்கு நகருங்க.

டாய்லெட் ஸ்டேஷன்லயே இருக்கு, வண்டில கிடையாது, குழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க கீழ பிளாட்பாரத்துக்கு இறங்கறதுக்கு முன்னாடியே அத முடிச்சிடுங்க, இறங்கினப்புறம் கேட்டா திரும்ப அத்தனை எஸ்கலேட்டரும் ஏறணும். ஏசி குளிர் தாங்காதவங்க ஒரு துண்டு, சால்வை வெச்சுக்கோங்க, மேல மே மாச வெயில், கீழ அந்தக் குளிர், வெளிய வந்தா திரும்ப வெயில்.

டிக்கெட் எடுத்த ஸ்டேஷன தாண்டிப் போயிட்டா கேட் திறக்காது, அப்ப கேட்ட தள்ளாதீங்க, பக்கத்துலயே கஸ்டமர் கேர் இருக்கும், வித்தியாசக் காச கட்டினா விட்டுடுவாங்க. பை, குடை, டிபன் பாக்ஸ் வண்டில மறந்துட்டா 1860 425 1515 நம்பருக்கு போடுங்க, எந்த லைன், எந்தப் பக்கம் போற வண்டி, எத்தனை மணிக்கு எங்க இறங்கினீங்கன்னு தெளிவா சொல்லணும், "நீலக் கலர் பை சார், மெட்ரோல விட்டுட்டேன்"னு மட்டும் சொன்னா அவங்களால என்ன பண்ண முடியும். சென்ட்ரல்லயே இருந்தீங்கன்னா போன்கூட வேண்டாம், நேரா கஸ்டமர் கேர் கவுண்டருக்குப் போங்க, க்ரீன் வண்டின்னா அது இங்கதான் திரும்ப வரும்.